சங்கு ஊதுமுன் வந்த மெட்டு

"அப்பா, நம்ம அம்மன் பாட்டைத் தூக்கிட்டாங்க."

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மகள் வாசலில் வந்து நின்றாள். கையில் போன்.

"யாரு தூக்கினது? எங்கே தூக்கினாங்க?"

"நெட்லேர்ந்துப்பா. நான் போட்ட வீடியோவையே எடுத்துட்டாங்க. நான் காப்பி அடிச்சேனாம். ஏதோ மியூசிக் கம்பெனி கம்ப்ளைண்ட் குடுத்திருக்கு. இன்னும் ரெண்டு கம்ப்ளைண்ட் வந்தா என் சேனலையே மூடிடுவாங்களாம்."

எண்ணெய்க் குப்பி கையிலிருந்து நழுவி விழுந்து வாசல் கோலத்தின் மேல் ஓடியது. அதைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. திருடி என்கிற வார்த்தையை அவர்கள் எழுதவில்லை. ஆனால் என் காதில் அதுதான் விழுந்தது.

பிள்ளைகளே, எந்தப் பாட்டு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது செகந்திராபாத்தில், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. எங்கள் குவார்ட்டர்ஸ் ஓரத்தில் சின்னதாக ஒரு மாரியம்மன் கோயில். ஆடி வெள்ளிக்கிழமைகளில் அங்கே ஒரு பாட்டு பாடுவோம்.

*கேட்டு தாண்டி வந்தவளே, கேட்ட வரம் தந்தவளே,*
*சங்கு ஊதி முடியுமுன்னே சடுதியிலே வந்திடம்மா.*

கேட்டு என்றால் ரயில்வே கேட்டு. சங்கு என்றால் ஒர்க்‌ஷாப் சங்கு, சாயங்காலம் வேலை முடியும்போது ஊதுவது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தப் பாட்டைக் கேட்டு வருகிறேன். நம் முன்னோர்கள் வேலூரிலிருந்து கொண்டுவந்த பாட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். வேலூரில் ஏது எங்கள் ஒர்க்‌ஷாப் சங்கு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. சாமி பாட்டில் போய்க் கணக்குப் பார்ப்பார்களா?

மகள் இன்டர் முதல் வருஷம், நம் பிளஸ் ஒன் மாதிரி, காலேஜில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் பாதி நேரம் தெலுங்கில்தான் பதில் வரும். ஆனால் பாடும்போது மட்டும் தமிழ் சுத்தமாக இருக்கும். அந்தப் பாட்டை அவள் கொஞ்சம் வேகம் குறைத்து, சிநேகிதியின் கீபோர்டோடு பாடி நெட்டில் போட்டிருந்தாள். கீழே "பாரம்பரிய மெட்டு" என்று எழுதியிருந்தாள். யார் யாரோ கேட்டார்கள், நல்ல வார்த்தை எழுதினார்கள். காலேஜ் விழாவில் பாடச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது வீடியோ இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். உள்ளே ரெண்டு வரி ஆங்கிலம்.

ஒரு பாட்டு இன்னொரு பாட்டு மாதிரி இருக்கிறது என்று கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்பதைப் பேப்பரில் படித்திருக்கிறேன். அது எங்களுக்கு டீ நேரத்துப் பொழுதுபோக்கு. என்னோடு வேலை பார்க்கும் தெலுங்கு நண்பருக்கும் எனக்கும் தினமும் சண்டை. கேன்டீனில் எந்தத் தெலுங்குப் பாட்டு வந்தாலும், "இது எங்க பாட்டு, நீங்க எடுத்துக்கிட்டீங்க" என்பேன். "ஹவ் ஹவ், ஆமாமா, உலகத்துல எல்லாப் பாட்டும் உங்களுதுதான்" என்பார் அவர். சினிமாக்காரர்கள் வழக்கு வீட்டு வாசலுக்கு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அன்றே காலேஜுக்கு விஷயம் போய்விட்டது. அவர்கள் குரூப்பில் யாரோ முகமூடித் திருடன் படம் போட்டு, கீழே "சோர் சிங்கர்" என்று எழுதினார்கள். திருட்டுப் பாடகி. விழாவில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். பாடுவதை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் பல் தேய்க்கும்போது பாட்டு, துணி மடிக்கும்போது பாட்டு, கரண்ட் போனால் பாட்டு. இப்போது குக்கர் விசில் தவிர வேறு சத்தமே இல்லை. "வீடு பூட்டின வீடு மாதிரி இருக்குங்க. ஏதாவது பண்ணுங்க" என்றாள் என் மனைவி.

கோயில் பஜனையை நடத்துவது ஓய்வுபெற்ற கிரேன் ஆப்பரேட்டர் ஒருவர். எனக்கு அண்ணன் முறை. அவரிடம் சொன்னதும் குதித்துவிட்டார்.

"இன்னாது! மாரியாத்தா பாட்டுக்கு கம்பெனிக்காரன் பட்டா வச்சிருக்கானா? நாளைக்கு வேப்ப மரத்துக்கும் வாடகை கேப்பானா? கிளம்புடா. எங்கே இருக்குது அவன் ஆபீசு?"

"பேகம்பேட்லண்ணே."

"பேகம்பேட்டா இருந்தா இன்னா, பெங்களூரா இருந்தா இன்னா?"

அவர் மனைவி, எனக்கு அண்ணி, முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "நக்கோங்க, வேண்டாங்க. விட்டுடுங்க. ஒரு பாட்டுதானே" என்றார்.

"ஒரு பாட்டுதானேவா? புள்ளைய திருடின்றான், நீ இன்னாமோ ஒரு பாட்டுதானேன்ற!"

அண்ணி மகளைப் பார்த்தார். அவள் சுவரோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். முறுக்குக் குழாயை வைத்துவிட்டு, "அப்ப நானும் வர்றேன்" என்றார் அண்ணி. எனக்கு அது அப்போது விசேஷமாகப் படவில்லை.

நாலு பேரும் பஸ்ஸில் போனோம். அண்ணன் நெற்றி நிறைய விபூதி, நடுவில் ரூபாய்க் காசளவு குங்குமம், கையில் கோயில் பிரசாதம். ஆபீஸ் நாலாவது மாடியில். உள்ளே ஏசி குளிர். சுவர் முழுக்கப் பழைய சினிமா போஸ்டர்கள். எங்களைப் பார்க்க வந்தது ஒரு இளம் பெண் அதிகாரி. தெலுங்குக்காரர். சென்னையில் படித்தவராம், தமிழ் நன்றாகவே பேசினார்.

"உக்காருங்க சார். சொல்லுங்க."

அண்ணன் உட்காரவில்லை. "அம்மா, இது எங்க பாட்டன் பூட்டன் பாட்டு. அம்மன் சன்னதியில பாடற பாட்டு. பச்சப் புள்ளைய போய்த் திருடின்றீங்களே, நியாயமா?"

"யாரையும் நாங்க திருடின்னு சொல்லலை சார். ஒரே மாதிரி இருக்கிற பாட்டுங்களை மெஷின்தான் கண்டுபிடிச்சுக் காட்டும். அப்புறம் நாங்க கேட்டுப் பார்த்துட்டுத்தான் கம்ப்ளைண்ட் பண்ணுவோம். பழைய தெலுங்குப் படம் ஒண்ணு. அதோட பாட்டு உரிமையெல்லாம் எங்க கிட்ட இருக்கு."

"தெலுங்குப் படமா!" என்றேன் நான். "அவங்கதான் எங்ககிட்டேர்ந்து எடுத்திருப்பாங்க."

"நீங்களே கேளுங்க சார்" என்று கம்ப்யூட்டரைத் தட்டினார்.

முதலில் வயலின்கள். பிறகு எங்கள் மெட்டு. சந்தேகமே இல்லை. 'கேட்டு தாண்டி வந்தவளே' என்று நாங்கள் இழுக்கும் அதே இழுப்பு. அண்ணன் பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக் கையைக் கூப்பிவிட்டார். உதடு தானாக அசைந்தது.

அடுத்த நொடி கண்ணாடித் தம்ளர்கள் மோதும் சத்தம். ஒரு ட்ரம்பெட் பிளிறியது. ஒரு பெண் கிளுகிளுவென்று சிரித்தாள். அப்புறம் தெலுங்கில், இன்னொரு கிளாஸ் ஊற்று ராஜா என்கிற மாதிரி ஒரு வரி.

அண்ணன் கண்ணைத் திறந்தார். திரையில் ஜிகினா உடுத்திய ஒருத்தி மேசை மேல் நின்று ஆடிக்கொண்டிருந்தாள். கூப்பிய கை அப்படியே நின்றது.

எத்தனை ஆடி வெள்ளி! தீச்சட்டி எடுத்துக்கொண்டு இந்த மெட்டில் மெய்சிலிர்த்து நின்றிருக்கிறேன். என் மகளுக்கு மொட்டை அடித்தபோது இதைத்தான் பாடினோம். கிளப் டான்ஸ். நாங்கள் அம்மனுக்குப் பாடியது கிளப் டான்ஸ்.

"அப்ப நான் நிஜமாவே காப்பிதான் அடிச்சிருக்கேனா?" என்றாள் மகள். குரல் உடைந்து, இத்தனை நாள் வராத அழுகை அங்கே வந்தது.

அப்போது அண்ணி பேசினார்.

"அழாதடி. நீ எங்கே அடிச்சே? நாங்க அடிச்சோம்."

எல்லோரும் திரும்பினோம். அண்ணி முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் முகத்தில் பயம் இல்லை. சிரிப்பை அடக்குகிற முகம்.

"இன்னாடி சொல்ற?" என்றார் அண்ணன்.

"கல்யாணம் ஆகி வந்த புதுசு. நீங்க எல்லாரும் காலையில ஒர்க்‌ஷாப்புக்குப் போயிடுவீங்க. நாங்க நாலஞ்சு பொம்பளைங்க மத்தியானம் மேட்னி ஷோக்குப் போயிடுவோம். உங்ககிட்ட சொன்னா விடுவீங்களா? இந்தப் படம் பார்த்தோம். இந்தப் பாட்டு மனசுலயே நின்னுடுச்சு. வீட்டுல பாட முடியுமா? 'இது எங்கே கேட்ட'ன்னு கேப்பீங்க. மேஸ்திரி சம்சாரம்தான் சொல்லுச்சு, அம்மன் பேரைப் போட்டுட்டா எங்கே வேணாலும் பாடலாம்டின்னு. குழாயடியில தண்ணி பிடிக்கும்போது ஆளுக்கு ஒரு வரி போட்டோம். கேட்டவங்ககிட்ட வேலூர்ல எங்க பாட்டி பாடினதுன்னு சொல்லிட்டோம்."

"அப்ப அந்த சங்கு வரி?" என்று நான் கேட்டேன்.

"படம் விட்டு, சாயங்காலச் சங்கு ஊதறதுக்குள்ள ஓடி வந்து அடுப்புப் பத்த வைக்கணுமே! கேட்டு வேற மூடிப்பான். அந்தப் பயம் இருக்கே, அதான் வரியா வந்துச்சு. ஆத்தா, சங்கு ஊதறதுக்குள்ள எங்களைக் கொண்டு சேத்துடுன்னு."

அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நான் சூப்பர்வைசரைக் கூட்டியாந்து கேக்க வச்சேனேடி இந்தப் பாட்டை! அந்த மனுசன் கண்ணுல தண்ணி விட்டாரேடி!"

"நல்லாப் பாடினோம், அதான் விட்டாரு."

அந்த அதிகாரிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. அழுதுகொண்டிருந்த மகள் அதைப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஊரே கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறது. அதில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துதான் இருந்திருக்கும். அந்தப் பாதியும் ஒருவர் விடாமல் பெண்கள்! வீட்டுக்குப் போய் என் மனைவியை என்ன கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்கும் சொல்கிறேன், பிள்ளைகளே. ஒரு பாட்டில் ரெண்டு சொத்து இருக்கிறது. மெட்டு ஒன்று, வரிகள் ஒன்று. ரெண்டுக்கும் சொந்தக்காரர் வேறு வேறாக இருக்கலாம். "மெட்டு எங்களுது. கோயில்ல நீங்க பாடறதைக் கேக்க நாங்க வர மாட்டோம். நெட்ல போட்டாத்தான் பிரச்சினை. பாப்பா இனிமே இந்த மெட்டைப் போட வேண்டாம், நான் கம்ப்ளைண்டை வாபஸ் வாங்கிடறேன். ஆனா அந்த வரிகள் இருக்கே, சங்கு, கேட்டு எல்லாம், அது இந்த ஆன்ட்டிங்களுது. அதை யாருக்கும் விட்டுடாதீங்க."

அண்ணி ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி முந்தானையை உதறி இழுத்துவிட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரியம்மா, அந்தத் தெலுங்கு வரி முழுசா தெரியுமா?" என்று கேட்டாள். அண்ணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இன்னொரு கிளாஸ் ஊற்று ராஜாவை மெதுவாகப் பாட ஆரம்பித்தார். முன் சீட்டில் இருந்த அண்ணன் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்தது.

பிரச்சினை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். காலேஜில் விஷயம் தெரிந்து அந்தத் திருடன் படத்தை எடுத்துவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் என் தெலுங்கு நண்பர் மட்டும் விடவில்லை. டீ டம்ளரை நீட்டி, "ஏம் பிரதர், மீ அம்மவாரு மா சினிமா சூசிந்தா?" என்றார். உங்கள் அம்மன் எங்கள் சினிமா பார்த்தாளா என்று.

ஆனால் மகள் பாடவில்லை.

"அதான் பேர் சரியாயிடுச்சே, பாடேன்மா" என்றேன்.

"எதைப்பா பாடறது? எது வாயில வந்தாலும் இது யாருதோன்னு பயமா இருக்கு. நம்ம வீட்டுப் பாட்டுன்னு நெனச்சதே நம்மளுது இல்லையே."

ஒரு போல்ட் யாருடையது என்று கேட்டால் அதில் அடித்திருக்கும் முத்திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். காற்றில் வருகிற மெட்டுக்கு முத்திரை எங்கே பார்ப்பது?

அண்ணனுக்கு வேறு கஷ்டம். வெள்ளிக்கிழமை கோயிலில் கண்ணை மூடிப் பாட்டை ஆரம்பித்தவர், ரெண்டாவது வரியில் நிறுத்திவிட்டார். "முடியலடா. கண்ணை மூடினா கிளாஸ் சத்தம் கேக்குது. அந்தம்மா மேசை மேல ஏறுது" என்றார். வரிகள் நம் பெண்கள் போட்டவை, விட முடியாது. மெட்டு வேறு வேண்டும். அவரே எங்கள் வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டார்.

"கண்ணு, இந்த வார்த்தைக்கு நீ ஒரு மெட்டு போட்டுக் குடு. ஆடி முடியறதுக்குள்ள."

"பெரியப்பா, அதுவும் வேற ஏதாவது பாட்டு மாதிரி இருந்துட்டா?"

"இருந்தா மாத்து. மேசை மேல ஏறாத மெட்டா இருந்தாப் போதும்."

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஏதோ முணுமுணுத்தாள். படியில் ஏறிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். என் மனைவி கீழேயிருந்து, வாயைத் திறக்காதே என்று சைகை காட்டினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பரிசோதனைக் கமிட்டியே கூடியது. மகள் பாடுவாள், நாங்கள் கேட்டு, எந்தப் பாட்டின் சாயலாவது இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். தமிழ்ப் பாட்டுக்கு நான். பழைய தெலுங்குப் படங்களுக்கு அண்ணி. இந்திப் பாட்டுக்கு என் மனைவி. "இந்த இடம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்று அண்ணி சொன்னால் அந்த இடத்தை மாற்றிவிடுவாள். ஒருமுறை என் மனைவி சொன்ன இடம் குப்பை வண்டிப் பாட்டாக இருந்தது. தினமும் காலையில் வண்டி போட்டுக்கொண்டு வருகிறது, மண்டைக்குள் ஏறாமல் என்ன செய்யும்?

கடைசியில் என் தெலுங்கு நண்பரையும் கூப்பிட்டோம். கேலி செய்வார் என்று நான் பயந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, பாட்டு முடியும் வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேது பிரதர். தெலுங்குல லேது. இதி பாப்பாதே."

தெலுங்கில் இல்லை, இது இந்தப் பெண்ணுடையதுதான் என்றார். மகள் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று மைக் அவள் கையில், ஸ்பீக்கர் சத்தம் பக்கத்துத் தெரு வரை. புது மெட்டில் முதல் வரியைப் பாடினாள். பெண்கள் திருப்பிப் பாடினார்கள். ரெண்டாவது வரியில், 'சங்கு ஊதி' என்று வந்ததும் அத்தனை பேர் நாக்கும் வழுக்கிக்கொண்டு பழைய மெட்டுக்குப் போய்விட்டது. அண்ணன் பதறிப்போய்த் தாளத்தை நிறுத்தினார். "புதுசு உப்பு போடாத கூழு மாதிரி இருக்குதுடி" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். மகள் அசரவில்லை. மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். மறுபடி வழுக்கினார்கள். மறுபடி எடுத்தாள். கூழ் ஊற்றி முடிப்பதற்குள் நாக்கு பழகிவிட்டது. அண்ணன் கண்ணை மூடினார், மூடியபடியே இருந்தார்.

அதைப் பதிவு செய்து நெட்டில் போட்டாள். கீழே, வரிகள் யாருடையவை என்ற இடத்தில் அந்தக் குழாயடிப் பெண்கள் அத்தனை பேர் பெயரையும், மெட்டு என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினாள். பிரச்சினை ஒன்றும் வரவில்லை.

பதுகம்மா பண்டிகை வந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் தெலுங்குப் பெண்கள் பூக்களை அடுக்கி வைத்து, கைதட்டிச் சுற்றி வந்து பாடுவார்கள். அந்தி நேரத்தில் நானும் மகளும் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். திடீரென்று என் கால் நின்றுவிட்டது.

வார்த்தை தெலுங்கு. தங்கேடுப் பூ, கௌரம்மா என்று ஏதேதோ வந்தது. மெட்டு என் மகளுடையது. ஒரு நெளிவு மாறாமல்!

ஓரத்தில் நின்ற அம்மாளிடம் போய், "இந்தப் பாட்டு எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டேன். எங்களோடு பழகி அவர்களுக்கும் தமிழ் வரும்.

"இதா? மா ஊரி பாட்டண்ணா. எங்க பெரியவங்க காலத்துலேர்ந்து பாடறோம்" என்றார், கண்ணைக்கூட இமைக்காமல்.

"பார்த்தியா!" என்று மகளிடம் திரும்பினேன். "போனை எடு. வீடியோ எடு. சாட்சி வேணும். கம்ப்ளைண்ட் குடு. உன் பேர் நெட்ல இருக்குல்ல!"

அவள் போனை எடுத்தாள். எடுத்து என் கையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அந்த வட்டத்துக்குள் போய், ரெண்டு பெண்களுக்கு நடுவில் இடம் பிடித்துக் கைதட்ட ஆரம்பித்தாள். அவர்கள் வார்த்தையை அவர்களைப் பார்த்துப் பார்த்தே பாடினாள். நான் கத்தரிக்காய்ப் பையோடும் அவள் செருப்போடும் நின்றுகொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து வேர்த்து வழிய வந்தாள்.

"சொன்னியா, உன் மெட்டுன்னு?"

"இல்லப்பா. ரெண்டாவது வரியில ஒரு இடத்தைக் கொஞ்சம் மாத்திட்டாங்க, கவனிச்சியா? அந்த இடம் எனக்கே சரியா வராம இருந்துச்சு. இப்ப நல்லா இருக்கு." செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு வந்து சொல்றேன். இன்னைக்குப் பாடட்டும்" என்றாள்.

வீடு வரும்வரை அந்த மாற்றிய இடத்தையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.